இருதயத்தின் படம் எவ்வளவு உண்மை பேசும்?

லால்குடி என்றதும் பிற ஊராருக்கு மூன்று விஷயங்கள் நினைவுக்கு வருவது வழக்கம். திருத்தவத்துறை என்ற பழம் பெயர் கொண்ட தலத்தில் விளங்கும் ஸப்தரிஷீசுவரர் கோயில் ஒன்று. கொள்ளிடத்தின் வடபுறத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் நஞ்சை நிலம் மற்றொன்று. இவ்வூரின் பெயரை உலகெங்கும் எடுத்துச் சென்ற ஜயராமன் அவர்களின் பிடில் மூன்றாவது. ஆனால் இன்று லால்குடி ஸ்டேஷனில் ரயில் ஏறித் திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோரின் பேச்சைச் சற்றுச் செவி கொடுத்துக் கேட்டால், இம்மூன்றையும் விட அதிகமாக அடிபடும் நாலாவது விஷயம் ஒன்று இருப்பது தெரியவரும். அதுதான் "அடைப்பு."

"பெரியப்பாவுக்கு எக்கோ நார்மல். கவலையில்லை" என்பார் ஒருவர். "எங்கள் அத்திம்பேருக்கு டிரெட்மில்லில் பாஸிடிவ்" என்பார் மற்றொருவர். உலகத்தில் மற்ற எல்லாக் காரியங்களிலும் பாஸிடிவ் என்றால் நல்லது. வைத்திய சாஸ்திரம் ஒன்றில்தான் அந்தச் சொல்லைக் கேட்டதும் வீட்டில் அடுப்பு எரிவதில்லை! மூன்றாமவர் மடியில் பெரிய உறை ஒன்று இருக்கும். அதனுள்ளே அவருடைய இருதயத்தின் படம் இருக்கும். மார்பைக் கீறாமல், குழாய் செலுத்தாமல், வெளியிலிருந்தே ஒரு யந்திரம் சில விநாடிகளில் பிடித்துக் கொடுத்த படம் அது.

அந்தப் படம் எவ்வளவு உண்மை பேசும்? அதை நம்பி ஒருவர் நிம்மதியாக உறங்கலாமா? அதை நம்பி ஒருவர் நிலத்தை அடமானம் வைத்து சிகிச்சைக்குப் புறப்படலாமா? குடும்பஸ்தர் ஒவ்வொருவரும் தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் இது.

வாய்க்கால் பாடம்

இருதயம் உடம்பு முழுவதற்கும் இரத்தத்தை இறைத்துக் கொடுக்கிறது. ஆனால் அதற்கும் பசி உண்டு. அந்தப் பசியைத் தீர்ப்பதற்கு மகா தமனியின் அடிவாரத்திலிருந்து இரண்டு சிறு குழாய்கள் கிளம்புகின்றன. இடப்புறத்துக் குழாய் சிறிது தூரத்திலேயே இரண்டாகப் பிரிகிறது. ஆகவே மூன்று வாய்க்கால்கள் என்று வைத்துக் கொள்ளலாம். இவற்றின் அகலம் 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான்.

அய்யன் வாய்க்காலையும் பெருவளை வாய்க்காலையும் நம்பிப் பயிர் செய்யும் லால்குடிச் சீமையாருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. வாய்க்காலில் மண் மேடிட்டால் என்ன நடக்கும்? முதலில் ஒன்றும் நடக்காது. பாதி தூர்ந்த வாய்க்கால் கூடச் சாதாரண நாட்களில் போதிய தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நடவுக் காலம் வந்து எல்லா மதகுகளும் ஒரே சமயத்தில் தண்ணீர் கேட்கும்போதுதான் கடைமடை வயல் வாடத் தொடங்கும். இருதயத்தின் குழாய்களில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து அடைப்பு உண்டாவதும் இதே மாதிரிதான். உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மலைக்கோட்டைப் படி ஏறும்போது மார்பை அழுத்தும்.

வாய்க்காலின் நிலைமையை அறிவதற்கு மூன்று வழிகள் உண்டு. வயலில் போய்ப் பயிரைப் பார்க்கலாம். கரையில் நின்று வாய்க்காலையே பார்க்கலாம். அல்லது உள்ளே இறங்கிக் கழி போட்டு ஆழம் பார்க்கலாம். வைத்தியர்களின் பரீட்சைகளும் இந்த மூன்று வகைக்குள் அடங்கும்.

பயிரைப் பார்ப்பது

ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் ஈ.ஸி.ஜி.யும், எக்கோவும் பயிரைப் பார்க்கும் வகையைச் சேர்ந்தவை. ஈ.ஸி.ஜி. இருதயத்தின் மின்சார ஓட்டத்தைக் காட்டும். எக்கோ அதன் சுவர்களும் வால்வுகளும் அசைவதைக் காட்டும். இரண்டும் மிகவும் பயனுள்ளவை. ஆனால் இரண்டும் வாய்க்காலைப் பார்ப்பதில்லை! மூன்று குழாய்களிலும் அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வு நேரத்தில் எக்கோ "நார்மல்" என்று வரலாம். பெரியப்பாவின் எக்கோவைக் கண்டு குடும்பம் அடையும் நிம்மதி இந்த அளவில் அரைகுறையான நிம்மதியே.

ஆகையால்தான் ஓடும் பட்டையின் மேல் நோயாளியை நடக்க வைத்து, நடவுக் காலத்தைச் செயற்கையாக உண்டாக்கி, ஈ.ஸி.ஜி. எடுக்கிறார்கள். இதுவே டிரெட்மில் பரீட்சை. இதன் யோக்கியதை என்ன? 1989ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அதுவரை நடந்த 147 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டது. அடைப்புள்ளவர் நூறு பேரில் 68 பேரை இப்பரீட்சை கண்டுபிடித்தது. அடைப்பில்லாதவர் நூறு பேரில் 77 பேரைத்தான் சரியாக விடுவித்தது. அதாவது நோயுள்ளவரில் மூன்றில் ஒருவரை அது தவற விடுகிறது. நோயற்றவரில் நாலில் ஒருவரை வீணாகப் பயமுறுத்துகிறது. ஸ்திரீகளுக்கு அது இன்னும் அதிகமாக வீண் பயத்தை உண்டாக்கும் என்பதும் வைத்தியர்கள் அறிந்ததே. இருதயத் தசைக்கு இரத்தம் சேர்வதைக் கதிரியக்க மருந்தின் மூலம் காட்டும் நியூக்ளியர் ஸ்கேன், மருந்து கொடுத்து எடுக்கும் எக்கோ ஆகியவை இதைவிட மேலானவை. ஆனால் அவையும் பயிரைப் பார்த்து வாய்க்காலை ஊகிக்கிறவையே.

உள்ளே இறங்குவது

1929ல் ஜெர்மனியில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் வைத்தியர் தம் கை இரத்தக் குழாய் வழியாக இருதயம் வரையில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக் கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படமும் பிடித்துக் கொண்டார். 1956ல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். 1958ல் அமெரிக்காவில் க்ளீவ்லந்து நகரத்தில் டாக்டர் மேஸன் ஸோன்ஸ், வேறொரு பரீட்சை செய்து கொண்டிருந்தபோது சாயம் தற்செயலாக இருதயக் குழாய்க்குள் பாய்ந்து, அதன் உருவம் திரையில் தெளிவாகத் தெரிந்தது. அன்று பிறந்ததுதான் ஆஞ்சியோகிராம். அடைப்பை நிர்ணயிப்பதில் இன்றளவும் மற்றப் பரீட்சைகளை உரைத்துப் பார்க்கும் உரைகல் அதுவே.

ஆனால் உள்ளே இறங்குவதில் அபாயமும் செலவும் உண்டு. அது மட்டுமன்று, பலர் அனாவசியமாக இறங்குகிறார்கள். அமெரிக்காவில் முன்பு இருதய நோய் அறியப்படாத 3,98,978 பேருக்கு எடுத்த ஆஞ்சியோகிராம்களை ஆராய்ந்து 2010ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் முன்னதாக வேறு பரீட்சைகள் செய்து கொண்டவர்களே. இருந்தும் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அடைப்பு இருந்தவர்கள் நூற்றுக்கு 38 பேர் கூட இல்லை. ஆகவே குழாய் செலுத்தாமலே வாய்க்காலை நேரில் பார்க்க வழியுண்டா என்று உலகம் தேடியது.

சென்னையின் பங்கு

ஸி.டி. ஸ்கேன் என்றால் இங்கிலாந்து தேசத்துக் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரைச் சொல்வார்கள். 1971ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படம் பிடித்தவர் அவர். 1979ல் ஆலன் கார்மக் என்பவருடன் நோபல் பரிசையும் பகிர்ந்து கொண்டார். அந்தப் பெருமையில் நமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நம்மவர் ஒருவரின் பங்கையும் நமது வீடுகளில் குழந்தைகள் அறிந்திருக்க வேண்டும்.

பல கோணங்களிலிருந்து எடுத்த எக்ஸ்ரே நிழல்களை ஒன்று சேர்த்து, உள்ளே இருக்கும் உருவத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதே ஸி.டி. ஸ்கேனின் இரகசியம். அந்தக் கணக்கு அக்காலத்தில் மிக நீண்டது. 1952 முதல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகத் துறையை நடத்தி, கொல்லாஜன் என்னும் புரதத்தின் முப்புரி அமைப்பைக் கண்டு உலகப் புகழ் பெற்ற ஜி. என். ராமச்சந்திரன், ஏ. வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து 1971ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூரியர் என்ற பிரெஞ்சுக் கணித நிபுணர் காட்டிய சுற்று வழியில் போகாமல், நிழல்களை ஒரு கணித வடிகட்டியில் வடித்து நேராகவே உருவத்தைக் கட்டலாம் என்று அதில் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த பிரேஸ்வெல் என்பவர் வான சாஸ்திரத்திற்காக 1967ல் இதே கருத்தை வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்வதுதான் நியாயம். ஆயினும் ஸ்கேன் யந்திரங்களின் உலகத்தில் அந்த வடிகட்டிக்கு "ராம்-லாக்" என்று நம்மவர் இருவரின் பெயரே நிலைத்துவிட்டது. பின்னால் வந்த யந்திரங்களில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியதும் இந்த வகைக் கணக்கே.

தலை அசையாமல் இருக்கும். இருதயம் ஒரு கணமும் நிற்பதில்லை. துடிக்கும் இருதயத்தைப் படம் பிடிக்க மேலும் முப்பது வருஷங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2004ஐ ஒட்டி, ஒரு சுற்றில் 64 குறுக்கு வெட்டுப் படங்களை எடுக்கும் யந்திரங்கள் வந்த பிறகே கை நரம்பில் அயோடின் கலந்த சாயம் ஏற்றி இருதயக் குழாய்களைத் தெளிவாகக் காண்பது சாத்தியமாயிற்று. இதையே ஸி.டி. ஆஞ்சியோகிராம் என்கிறோம். வாய்க்காலைக் கரையிலிருந்து பார்க்கும் வழி இது.

எவ்வளவு துல்லியம்?

2008ல் அமெரிக்காவில் 230 நோயாளிகளுக்கு ஸி.டி. ஆஞ்சியோகிராம், குழாய் செலுத்தும் ஆஞ்சியோகிராம் ஆகிய இரண்டையும் செய்து ஒப்பிட்டார்கள். பாதிக்கு மேல் அடைப்புள்ளவர் நூறு பேரில் 95 பேரை ஸ்கேன் கண்டுபிடித்தது. அப்படி அடைப்பில்லாதவர் நூறு பேரில் 83 பேரைச் சரியாக விடுவித்தது. அதே வருஷத்தில் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில் 291 நோயாளிகள். அங்கே கண்டுபிடித்தது நூற்றுக்கு 85. விடுவித்தது நூற்றுக்கு 90. ஒரே வகை யந்திரம், இரண்டு விதமான மதிப்பெண்! காரணம், பரீட்சைக்கு வந்த மனிதர்கள் வேறு. படத்தைப் படித்த முறையும் வேறு.

இங்கேதான் நமது வாசகர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஆராய்ச்சியின் மதிப்பெண்ணையே எடுத்துக் கொள்வோம்.

நடந்தால் மார்பு வலிக்கிறவர்கள், சர்க்கரை வியாதி உள்ளவர்கள், புகை பிடிக்கிறவர்கள் என்று ஆயிரம் பேரைச் சேர்ப்பதாக வைத்துக் கொள்வோம். அவர்களில் 300 பேருக்கு உண்மையில் அடைப்பு இருக்கட்டும். ஸ்கேன் 285 பேரைக் கண்டுபிடிக்கும். 15 பேரைத் தவற விடும். அடைப்பில்லாத 700 பேரில் 119 பேருக்கு "உண்டு" என்று தவறாகச் சொல்லும். ஆக, "உண்டு" என்று சீட்டு வாங்கிய 404 பேரில் 285 பேருக்கு உண்மையாகவே உண்டு. பத்தில் ஏழு.

இனி, ஒரு தொந்தரவும் இல்லாத இளவயதினர் ஆயிரம் பேரை, சலுகை விலையில் முழு உடல் பரிசோதனை என்ற விளம்பரத்தைப் பார்த்து வந்தவர்களை, அதே யந்திரத்தில் படுக்க வைப்போம். இவர்களில் 20 பேருக்குத்தான் அடைப்பு என்று வைத்துக் கொள்வோம். யந்திரம் 19 பேரைக் கண்டுபிடிக்கும். ஆனால் மீதி 980 பேரில் 167 பேருக்கு "உண்டு" என்று தவறாகச் சொல்லும். "உண்டு" என்ற சீட்டு வாங்கிய 186 பேரில் உண்மையான நோயாளி 19 பேரே. பத்தில் ஒருவர்!

யந்திரம் மாறவில்லை. அதன் திறமையும் மாறவில்லை. உள்ளே அனுப்பிய மனிதர்கள்தான் மாறினார்கள். அதனால் அதன் வாக்கின் மதிப்பு பத்தில் ஏழிலிருந்து பத்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. "இந்த ஸ்கேன் துல்லியமானதா?" என்று யந்திரத்தை மட்டும் பார்த்துக் கேட்பது ஏன் போதாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

மற்றொரு பக்கத்தையும் கவனிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் "இல்லை" என்ற சீட்டு வாங்கிய 596 பேரில் 15 பேரும், இரண்டாம் கூட்டத்தில் 814 பேரில் ஒருவரும் மாத்திரமே ஏமாந்தவர்கள். ஆகையால் ஸி.டி. ஆஞ்சியோகிராம் "இல்லை" என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம். "உண்டு" என்று சொன்னால் மேலும் விசாரிக்க வேண்டும்.

படம் தடுமாறும் இடங்கள்

குழாயின் சுவரில் சுண்ணாம்பு மிகுதியாகப் படிந்திருந்தால், அது படத்தில் பளிச்சென்று ஒளிர்ந்து தன் உண்மையான அளவைவிடப் பெரிதாகத் தோன்றும். சிறு அடைப்பும் பெரிய அடைப்பாகத் தெரியும். வயது முதிர்ந்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். நாடி வேகமாகவோ தாளம் தப்பியோ ஓடினால் படம் கலங்கும். அதனால்தான் நாடியைத் தணிக்க முன்னதாக மாத்திரை கொடுக்கிறார்கள். சிறிய ஸ்டென்டு வைத்த குழாயின் உட்புறத்தைப் பார்ப்பதும் கடினம். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அயோடின் சாயம் கேடு செய்யக் கூடும். ஆகையால் முன்னதாக இரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பது முக்கியம். எக்ஸ்ரே கதிரின் அளவு 2007ல் இருந்ததை விட 2017க்குள் கால் பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது நல்ல செய்தி. ஆனாலும் விளையாட்டாக வருஷா வருஷம் எடுத்துக் கொள்ளும் படமல்ல இது.

சாயம் ஏற்றாமல் சுண்ணாம்பை மட்டும் எண்ணும் "கால்சியம் ஸ்கோர்" என்ற ஸ்கேனும் உண்டு. 1990ல் அகாட்ஸ்டன் முதலியோர் இதற்கு மதிப்பெண் முறை வகுத்தார்கள். பூஜ்யம் வாங்கினால் சந்தோஷப்பட வேண்டிய பரீட்சை இது ஒன்றே! எனினும் சுண்ணாம்பு ஏறாத இளங் கொழுப்பு இதில் தெரியாது. நம்மவர்களுக்கு இது அற்ப விஷயமன்று. கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியின்படி, தெற்காசியாவில் முதல் மாரடைப்பு வருவோரின் சராசரி வயது 53. மற்ற இடங்களில் ஏறக்குறைய 59. நாற்பது வயதுக்காரரின் பூஜ்யத்தைக் கண்டு மெத்தனமாக இருந்துவிடக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. மாரடைப்பு எப்போதும் பெரிய அடைப்பில்தான் வரும் என்பதில்லை. சிறிய கொழுப்புத் திட்டு ஒன்று திடீரென்று வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, சில நிமிஷங்களில் குழாயை மூடிவிடலாம். கரை உடைந்தால் நேற்று வரை தெளிவாக ஓடிய வாய்க்காலும் இன்று அடைபடும் அல்லவா? ஆகவே சென்ற மாதத்து ஸ்கேன் நன்றாயிருந்தது என்பதற்காக, இன்று வரும் மார்பு வலியை வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் போட்டுக் கொண்டிருப்பது உயிருக்கே உலை வைக்கும். முக்கியமாக, வீட்டு ஸ்திரீகளின் வலிக்கு இந்தக் கஷாயமே முதலும் முடிவுமாகிவிடுகிறது. மார்பில் அழுத்தம், வியர்வை, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மூச்சுத் திணறல் இவை தோன்றினால் ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று யோசிக்கும் வேளை அல்ல அது. உடனே 108க்குச் சொல்லி, அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் ஈ.ஸி.ஜி. எடுக்க வேண்டும். முதல் ஈ.ஸி.ஜி. சரியாக இருந்தாலும் மறுபடி எடுத்து, இரத்தத்தில் டிரோபோனின் பார்க்கும் வரையில் வீடு திரும்பலாகாது.

படத்தால் உயிர் பிழைக்குமா?

ஸ்காத்லாந்தில் மார்பு வலியுடன் வந்த 4,146 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறாருக்கு வழக்கமான வைத்தியத்துடன் ஸி.டி. ஆஞ்சியோகிராமும் செய்தார்கள். 2018ல் வெளியான ஐந்து வருஷக் கணக்கின்படி, இருதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் ஸ்கேன் எடுத்த கூறில் நூற்றுக்கு 2.3, எடுக்காத கூறில் 3.9. இதில் யந்திரத்தின் மந்திரம் ஒன்றுமில்லை. படத்தில் திட்டு தெரிந்தவர்களுக்குக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ஆஸ்பிரினும் தக்க காலத்தில் கிடைத்தன என்பதே முக்கிய காரணமாகக் கருதப்படுகிறது. ஐரோப்பாவில் 3,561 பேரிடம் நடந்து 2022ல் வெளியான சோதனையில், முதலில் ஸ்கேன் எடுத்தவர்களும் நேரே குழாய் ஆஞ்சியோகிராமுக்குப் போனவர்களும் பிற்காலத்தில் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். ஆனால் பரீட்சையாலும் சிகிச்சையாலும் நேர்ந்த பெரிய தீங்குகள் ஸ்கேன் வழியில் நூற்றுக்கு 0.5, குழாய் வழியில் 1.9. இதற்கு மாறாக, அமெரிக்காவில் பதினாயிரம் பேரை வைத்து 2015ல் முடிந்த சோதனையில், ஸி.டி. எடுத்தவர்களுக்கும் டிரெட்மில் போன்ற பரீட்சை செய்து கொண்டவர்களுக்கும் பலனில் வித்தியாசம் காணவில்லை.

அடைப்பு என்றதும் அன்றைக்கே ஸ்டென்டு வைக்க வேண்டும் என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. நமது தேசத்து ஆஸ்பத்திரிகளும் பங்கு கொண்டு, 5,179 பேரிடம் நடத்தி 2020ல் வெளியிட்ட சோதனையில், நிலையான இருதய நோயுள்ளவர்களுக்கு முதலிலேயே ஸ்டென்டோ பைபாஸோ செய்ததனால், நல்ல மருந்தை மட்டும் முதலில் கொடுத்ததை விட மரணமோ மாரடைப்போ குறைந்ததாக ஏற்படவில்லை. மார்பு வலி தணிவதில் நன்மை இருந்தது. மாரடைப்பு நேர்ந்து கொண்டிருக்கும் வேளைக்கும், இடப்புறத்து மூலக் குழாயில் பெரிய அடைப்புள்ளவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தாது என்பதை மறக்கக் கூடாது.

குடும்பஸ்தர் கேட்க வேண்டியவை

ஸ்கேனுக்குச் சீட்டு எழுதும் டாக்டரிடம் மரியாதையுடன் நாலு கேள்விகள் கேட்பதில் தவறில்லை. என் வயது, வலி, சர்க்கரை, இரத்த அழுத்தம், புகை எல்லாவற்றையும் பார்த்தால் எனக்கு அடைப்பு இருப்பதற்கு எவ்வளவு சாத்தியம்? இந்தப் பரீட்சை வாய்க்காலைப் பார்க்கிறதா, பயிரைப் பார்க்கிறதா? "உண்டு" என்று வந்தால் அடுத்தபடி என்ன, "இல்லை" என்று வந்தால் என்ன? முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை ஒன்றேதான் என்றால், பரீட்சை எதற்கு? நல்ல வைத்தியர் இக் கேள்விகளைக் கேட்டுக் கோபிக்க மாட்டார்.

மேலே காட்டிய கணக்குகளில் பெரும்பாலானவை மேனாட்டாரின் உடம்பை வைத்துப் போட்டவை. ஆறு வருஷம் முன்னதாகவே மாரடைப்பு வரும் நம்மவர்களுக்கு அவை அப்படியே பொருந்துமென்று எவரும் உறுதி கூற முடியாது. படம் பிடிக்கும் கணக்கை உலகுக்கு வழங்கியதில் பங்கு கொண்ட தேசம், தன் ஜனங்களின் இருதயத்துக்கு உரிய கணக்கையும் தானே போட்டுக் கொள்ள வேண்டாமா? திருச்சியிலும் சென்னையிலும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகள், ஸ்கேன் சொன்னதையும் பின்னர் நடந்ததையும் ஒன்றாகக் குறித்து வைத்துப் பத்து வருஷம் தொடர்ந்து பார்த்தால், அந்தக் கணக்கு நமக்குக் கிடைத்துவிடும். அதற்குப் புதிய யந்திரம் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் விடாமுயற்சியும் போதும்.